கேட்டில் ஒன்பது நிமிடம்

முப்பத்தேழு ஆம்பியர்.
அறுபத்தெட்டில் அது தாராளம்.
இரண்டு முகவிளக்கு, வைப்பர், ரேடியோ,
சிகரெட் பற்றவைக்கும் குமிழ், அவ்வளவுதான்.
பிறகு நான்தான் ஒவ்வொன்றாக ஏற்றினேன்:
ரேடியேட்டருக்கு இரட்டை விசிறி,
மின்சாரப் பெட்ரோல் பம்ப்,
காட்டுமிராண்டித்தனமான ஹாலஜன்.
போதாததற்கு நெப்ராஸ்காவின் ஜனவரி வேறு.
கண்ணுக்கெட்டிய மட்டும் சோளம் விளையும் ஊரில்
என் பிளைமவுத்தின் யானைப் பசிக்குச்
சோளப்பொரி.

ஓடும்போது தெரியாது.
நின்றால் தெரியும்.

இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட்.
நிலக்கரி வண்டி, நூற்றிருபது பெட்டி, ஒன்பது நிமிடம்.
அம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாயும்,
வெளிச்சம் பழுத்த மஞ்சளாகும்,
வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று யோசிக்கும்.
விளக்குக் குமிழை உள்ளே தள்ளுவேன்.
ஹீட்டரை நிறுத்துவேன்.
இன்ஜின் மட்டும் இருட்டில் உறுமிக்கொண்டிருக்கும்.

பக்கத்து இருக்கையில் டெல்பர்ட் டீட்ஸ்.
பீட்ரூட் சர்க்கரை ஆலையில் எனக்கு அடுத்த இயந்திரம்.
தன் டிரக்கை விற்றதிலிருந்து என்னோடு வருகிறான்.
வழியெல்லாம் வாய் திறக்கமாட்டான்.
கேட்டில், எங்கள் மூச்சே கண்ணாடியில் படிந்து
ரயில் வெறும் சத்தமாகிவிட்ட பிறகு
பேசுவான்.

"எனக்குச் சர்க்கரை இருக்காம், ஆர்லீன்."
ராத்திரி முழுக்க அதை மூட்டை கட்டுகிறவன்.
நான் சிரித்துவிட்டேன். அவனும்.
இன்னொரு நாள்:
"ட்வைலா ஒரு வருஷமாகக் கீழே
பேஸ்மெண்டில் படுத்துக்கொள்கிறாள்."
இன்னொரு நாள்:
"உன் சர்வீஸ் மானுவலைத் திருப்பித் தருகிறேன்.
படம் மட்டும்தான் பார்த்தேன்.
எனக்கு எழுத்து ஓடாது."
நான் பதில் சொன்னதில்லை.
பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.
எப்போதும் தப்பும்.

பிப்ரவரியில் ஒரு விடியற்காலை
ஆலை வாசலில் வண்டி கிளம்பவில்லை.
மேனேஜரின் மினிவேனிலிருந்து மின்சாரம் கடன் வாங்கினோம்.
அந்த அவமானத்தில் வாங்கியதுதான்
தொண்ணூற்றைந்து ஆம்பியர் ஆல்டர்னேட்டர்.

சனிக்கிழமை கராஜில் நான் வாசித்தேன்,
அவன் படங்களைப் பார்த்தான்.
அவன் பார்த்ததுதான் சரியாக இருந்தது.
பெல்ட்டும் புல்லியும் ஒரே கோட்டில் வர
இரண்டு வாஷர் போதும் என்றான். போதுமாக இருந்தது.
டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தவன்
தடுப்புச் சுவரின் பிளக்கைக் கழற்றிக் காட்டினான்.
பிளாஸ்டிக் உருகி, காபிக்கொட்டை நிறம்.
ஐம்பது வருஷமாக அத்தனை மின்சாரமும்
அம்மீட்டரைச் சுற்றி இந்த ஒரு துளை வழியாகத்தான்.
"இதில் புது ஆல்டர்னேட்டரைத் திறந்துவிட்டால்
வண்டியோடு நாமும் வறுபடுவோம்."
சுண்டுவிரல் தடிமனில் கம்பி இழுத்து
நேராகப் பேட்டரிப் பக்கம் கொண்டுபோனான்,
நடுவில் உருகிச் சாக ஓர் இணைப்பு வைத்தான்.
அம்மீட்டர் முள் இனி நடுவில் சும்மா நிற்கும்.
எதையும் சொல்லாது.
பக்கத்தில் சின்னதாக ஒரு வோல்ட்மீட்டர்.

திங்கள் இரவு. கேட் விழுந்தது.
எல்லாம் ஓடின.
பதினான்கு புள்ளி ஒன்று, இம்மி அசையவில்லை.
ஹாலஜன் வெளிச்சத்தில் ஒவ்வொரு பெட்டியும்
துரு வரைக்கும் தெரிந்தது.
ஹீட்டர் முகத்தில் அடித்தது.
மடியில் டெல்பர்ட்டின் கைகளும் தெரிந்தன,
இடது கையுறையில் ஒரு கிழிசல்,
அதை வலது கை மூடிக்கொண்டது.
"நன்றாக இருக்கிறது" என்றான்.
"நன்றாக இருக்கிறது" என்றேன்.
முப்பது பெட்டி போனது.
ஒன்றுகூடத் தப்பாமல் எண்ணினேன்.

முப்பத்தொன்றில் குமிழை உள்ளே தள்ளினேன்,
ஹீட்டரை நிறுத்தினேன்.
"பேட்டரிக்கு நல்லது" என்றேன்,
ஒவ்வொரு கம்பியையும் தன் கையால் முடுக்கியவனிடம்.

அவன் மீட்டரைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
கண்ணாடி மெல்ல வெளுத்தது.

"நேற்று ட்வைலா" என்று ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு எத்தனை பெட்டி என்று
எனக்குத் தெரியாது.